தண்ணீருக்குப் போகிற ஈயம்

இதை எனக்கு முதன்முதலில் சொன்னவர் எங்கள் கோவில் உபதேசியார் தொம்மை ஐயா. போன தவக்காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்து மெழுகுவர்த்திகளை அணைத்துக்கொண்டிருந்தபோது சொன்னார். தன்னை நினைத்துத் தானே சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

*

தொம்மை, மெற்றில்டாவிடம் கேட்டார்:

"ஈயத்தை உருக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"யாருக்கு ஐயா?"

"என் மகன் வியான்னிக்கு."

மெற்றில்டா உப்பளத்துப் பக்கம் குடியிருப்பவள். கடலுக்குள் முங்குகிறவர்கள் மிதக்காமல் அடிக்குப் போக இடுப்பில் கட்டுகிற ஈயக்கட்டிகளை வார்த்துக் கொடுப்பவள். முப்பத்திரண்டு வயசு. அவளுக்கு ஏழு வயசில் விசுவாசப் பிரமாணம் சொல்லிக்கொடுத்தவர் தொம்மைதான். இன்றைக்கு அவர் சாக்கும் கையுமாக அவள் வாசலில் நிற்கிறார்.

வியான்னி சிலிண்டர் கட்டிச் சங்கெடுக்கப் போகிறவன். போன வாரம் அடியில் அவனுக்கு மூச்சு முட்டியிருக்கிறது. ஈயம் கோத்த பெல்ட்டை ஒரே இழுப்பில் அவிழ்த்துவிட்டு மேலே வந்துவிட்டான்.

பிள்ளை வந்துவிட்டது. பெல்ட் போய்விட்டது.

"கடையில கேட்டா பத்து நாளாகுமாம். இவன் திங்கக்கிழமை போறேங்கான். கல்லைக் கயித்துல கட்டிக்கிட்டுப் போவானாம்."

"கயிறா? நனைஞ்ச முடிச்சு அவசரத்துக்கு அவிழாதே, ஐயா."

"அதுக்குத்தான் வந்தேன். என் கையால வார்த்துக் குடுக்கணும். சொல்லிக்குடு."

மெற்றில்டா அவர் காலைப் பார்த்தாள். ரப்பர் செருப்பு.

"நாளைக்கு வாங்க."

"ஏன், இன்னைக்கு என்ன?"

"காலு."

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

*

மறுநாள் புதன். மருமகனின் தோல் ஷூ, முழுக்கால் சட்டை, முழுக்கைச் சட்டை. பொத்தான் எல்லாம் போட்டிருந்தார்.

"பொண்ணு பாக்கப் போற மாதிரி இருக்கீங்க."

"கேலி பண்ணாத. அடுப்பைப் பத்தவை."

அவள் சாக்கைக் கவிழ்த்தாள். பழைய வலைகளில் இருந்து அறுத்த ஈயக்குண்டுகள். ஒன்றை எடுத்து அதன் துளைக்குள் ஒரு கம்பியை விட்டுக் குத்தினாள். ஈர மணல் உதிர்ந்தது.

"எல்லாத்தையும் குத்திக் கழுவி வெயில்ல போடுங்க. மூணு நாள்."

"மூணு நாளா! திங்கக்கிழமை அவன் போறான், மகளே."

"சனிக்கிழமை வார்க்கலாம். நடுவுல மழை வந்தா மறுபடியும் முதல்ல இருந்து."

தொம்மைக்குக் கோபம் வந்தது.

"ஈயம் தண்ணிக்குள்ள கிடக்கத்தானே போகுது? தண்ணி பட்டா அதுக்கு என்ன?"

அவள் குண்டுகளை ஒவ்வொன்றாய்த் திருப்பி வைத்தாள்.

*

வியாழன் பொழுது சாயும்போது மறுபடியும் வந்தார். கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை.

மெற்றில்டா குண்டுகளை அள்ளி உள்ளே வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் எடுக்கிற?"

"பனி இறங்கும்."

"பனியும் தண்ணியில சேர்த்தியா?"

"நீங்கதான் சொல்லணும். எனக்குப் பாடம் எடுத்தவரு நீங்க."

*

சனிக்கிழமை காலை. வெயில் நன்றாக ஏறியிருந்தது.

அவள் ஒரு பிடி மண்ணை மேலே விட்டுக் காற்று எந்தப் பக்கம் போகிறதென்று பார்த்தாள். அடுப்பைத் திறந்த வெளியில் வைத்தாள். காற்று முதுகில் படுகிற மாதிரி இரண்டு பேரும் நின்றார்கள். புகைக்கு முகமூடி, கண்ணுக்கும் முகத்துக்கும் கண்ணாடித் தடுப்பு, கைக்குத் தோலுறை. இரும்புச் சட்டிக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்திருந்தது. அது ஒரு நாளும் சமையல்கட்டுக்குள் போனதில்லை.

இரும்பு அச்சையும் சூடு பண்ணினாள்.

"அதை எதுக்குச் சுட வைக்கிற?"

"குளிர்ந்து கிடந்தா அதுக்கும் வேர்க்கும்."

ஈயம் இளகியது. மேலே படிந்த கசடை அவள் ஒதுக்கினாள். அடியில் வெள்ளி மாதிரி மின்னியது. தொம்மை கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கரண்டியை எடுத்தாள்.

எங்கள் கடற்கரையில் எதுவும் மந்திரிக்காமல் கடலுக்குப் போகாது. வலை, வள்ளம், இஞ்சின், எல்லாமே. தொம்மை சட்டைப்பையில் கைவிட்டார். கோவிலில் மந்திரித்த தண்ணீர், சின்ன பாட்டிலில். மூடியைத் திறந்து அச்சுப் பக்கம் நீட்டினார்.

மெற்றில்டா கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். இறுக்கிப் பிடித்தாள்.

"விடு. இது கோவில் தண்ணி."

"தெரியும்."

"கடலுக்குப் போற சாமானை மந்திரிக்காம எப்படி?"

அவள் அவரைப் பின்பக்கமாக நடத்திப் பத்தடி தள்ளிக் கொண்டுபோனாள். பாட்டிலை மூடிச் சுவர்மேல் வைத்தாள். இடது கையுறையைக் கழற்றிச் சட்டைக் கையை மேலே சுருட்டினாள்.

மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும், மெழுகு சொட்டிக் காய்ந்த மாதிரி, வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளிகள்.

"என்ன இது?"

"எனக்குப் பதினோரு வயசு. அப்பா அச்சுல ஒரு சொட்டு தெளிச்சாங்க. ஈயத்தை ஊத்தினதும் வெடிச்சுக் கூரை வரைக்கும் போச்சு."

"அப்பாவுக்கு?"

"பூசையில கறுப்புக் கண்ணாடி போடக்கூடாதுன்னு ஒரு நாள் அவங்களைச் சத்தம் போட்டீங்களே, ஐயா."



அவள் சட்டைக் கையை இறக்கிவிட்டு, உறையை மாட்டிக்கொண்டு போய் வார்த்தாள். ஒன்று. இரண்டு. ஆறு கட்டிகள்.

அவர் மெல்லக் கேட்டார்:

"அப்போ எப்ப தெளிக்க?"

"பொறுங்க."

அடுப்பை அணைத்தாள். வெயில் தலைக்கு மேல் வந்து, கொஞ்சம் சாயவும் செய்தது. அவள் நன்றாக ஆறிய ஒரு கட்டியை எடுத்து அவருடைய உறை போட்ட கையில் வைத்தாள். மற்றக் கையில் பாட்டிலைக் கொடுத்தாள்.

"இப்ப."

தொம்மை தெளித்தார். ஒரு சொட்டு ஈயத்தின்மேல் முத்து மாதிரி நின்றது. மெதுவாய் உருண்டு விளிம்புக்கு வந்து விழுந்தது.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு, பழக்கம் பாருங்கள், உறையைக் கழற்றிவிட்டுச் சிலுவை போட்டு விரலை முத்தமிடக் கையைத் தூக்கினார்.

"ஐயா!"

கை நெற்றிக்குப் போகும் வழியில் நின்றது.

"ஈயத்தூசி வாய்க்குள்ள போனா விஷம்." மெற்றில்டா குழாயைக் காட்டினாள். பக்கத்தில் சோப்பு இருந்தது.

*

வீட்டு வாசலில் பேத்தி "தாத்தா" என்று ஓடி வந்தாளாம். ஐம்பத்தெட்டு வயசில் முதல் தடவையாக அந்தப் பிள்ளையைத் தூக்காமல் பின்னால் நகர்ந்தாராம். குளித்து, அந்த உடுப்பைத் தனியாய்ப் போட்டுவிட்டு வந்துதான் தூக்கினாராம்.

ஞாயிறு சாயந்திரம் வியான்னி புது பெல்ட்டைக் கட்டிக்கொண்டு முற்றத்தில் நின்றான். தொம்மை சொன்னார், "இழு."

ஒரே இழுப்பு. காலடியில் தொப்பென்று விழுந்தது.

"இன்னொரு தடவை."

*

இன்றைக்கும் வியான்னி கடலுக்குள்தான் இருப்பான். அவனுக்காக ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லுங்கள்.

கையைக் கழுவிவிட்டுச் சொல்லுங்கள்.