புளித்த தயிரும் பூவாயியின் மூக்கும்

மூங்கில் காட்டில் மொக்கையன் என்றொரு கரடி இருந்தான். ஆள்தான் பெரிசு. எதற்கெடுத்தாலும் பதறுவான்.

அவன் மனைவி பூவாயி முழுகாமல் இருந்தாள். மசக்கை அவளைப் படாத பாடு படுத்தியது. தேன் என்றால் உயிரை விடுகிறவள், இப்போது தேன்கூடு இருக்கும் திசையிலிருந்து காற்றடித்தாலே குமட்டினாள். பழம் தின்றால் வெளியே வந்தது. கிழங்கு தின்றாலும் அதே கதைதான். மூங்கிலரிசிச் சோற்றில் தயிர் விட்டுப் பிசைந்து கொடுத்தால் மட்டும் வயிற்றில் தங்கியது.

தயிருக்குப் பால் கொடுத்தவள் காரி என்னும் எருமை. காடு காய்ந்ததும் அவள் புல் தேடி மலைக்கு அந்தப் பக்கம் கிளம்பினாள்.

"வானம் மூட்டம் போட்டிருக்கு. மழை விழுந்ததும் ஓடி வந்துடுவேன். அது வரைக்கும் இதை வச்சு ஓட்டு!" என்று இரண்டு பானை நிறையப் பால் கொடுத்துவிட்டுப் போனாள்.

மொக்கையன் பாலைக் காய்ச்சி, ஆறவிட்டு, உறை ஊற்றினான். பானைகளைச் சுனையோரத்து ஈரமணலில் பாதி புதைத்து இலை போட்டு மூடினான். குகைக்குள் வைத்தால் வாடை பூவாயிக்கு ஆகாது என்றுதான் அவ்வளவு தூரத்தில் வைத்தான். பாவம், நல்ல எண்ணம்தான்.

முதல் பானையிலிருந்து தினமும் கொஞ்சம் எடுத்தான். இரண்டாவது பானையைத் தொடவே இல்லை. ஒருநாள் மத்தியானம் அதைத் திறந்து பார்த்தான். தயிருக்கு மேலே தெளிந்த தண்ணீர் நின்றது. புளிப்பு வாடை குப்பென்று மூக்கில் ஏறியது.

"ஐயையோ! தயிர் போச்சே!" என்று அலறினான்.

பக்கத்துப் பாறையில் காட்டுப்பூனை சீனிச்சாமி படுத்திருந்தான். காலையிலிருந்தே அவன் அங்கேதான் சுற்றிக்கொண்டிருந்தான்.

"என்ன அண்ணே, ஏன் இந்த அலறல்?"

"தயிர்ல தண்ணி நிக்குது தம்பி!"

"தண்ணி விட்டுப்போச்சா? அப்ப கெட்டுப்போச்சு! இதை அண்ணி வாயில வச்சா வயித்துப் பிள்ளைக்கே ஆபத்து!"

மொக்கையன் பக்கத்துப் பானையைத் தொட்டுக் காட்டினான். "அப்ப இந்த முதல் பானை?"

"அதுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல, பாருங்க! கட்டித் தயிர்! அதை அண்ணிக்குக் கொடுங்க. கெட்டதை என் பொந்துக்குப் பக்கத்துல இருக்குற பள்ளத்துல வச்சுட்டுப் போங்க. நானே கொட்டி மூடிடுறேன். நீங்க எதுக்குச் சிரமப்படணும்?"

ஒரு பூனை அடுத்தவர் குப்பையைக் கொட்டி மூடி யாராவது பார்த்ததுண்டா? மொக்கையன் அதை யோசிக்கவில்லை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"உன்னை மாதிரி ஒரு தம்பி கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்டா!" என்றான்.

ஆளுக்கொரு பானையாக அல்ல, இரண்டையும் அவனே இரண்டு கையில் இடுக்கிக்கொண்டு நடந்தான். பின்னாலேயே சீனிச்சாமி மீசையை நக்கிக்கொண்டு வந்தான். வழி குகை வாசலைத் தாண்டிப் போனது. அந்த நேரம் பார்த்துக் காற்றும் அடித்தது.

"ஏங்க! அங்கேயே நில்லுங்க!"

பூவாயியின் குரல். மொக்கையன் பதறினான். "உள்ளே போம்மா! கெட்ட தயிர், வாடை உனக்கு ஆகாது!"

அவள் போகவில்லை. மூக்கைத் தூக்கியபடி வெளியே வந்தாள். கரடி மூக்கு, அதிலும் மசக்கைக்காரி மூக்கு! இரண்டாவது பானையின் மேல் குனிந்து முகர்ந்தாள்.

"இதையா கெட்டதுங்கிறீங்க? புளிச்சிருக்கு, அவ்வளவுதான்!"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"நல்லா இருக்கே! நாளானா தயிர் புளிக்கத்தான் செய்யும். தெளிஞ்ச தண்ணி நின்னா என்ன? கலக்கினா சேர்ந்துக்கும். கெட்டது வேற மாதிரி நாறும்!"

சொல்லிக்கொண்டே முதல் பானைப் பக்கம் திரும்பினாள். உடம்பு குலுங்க ஓங்கரித்தாள்.

"அதைத் தூரக் கொண்டுபோங்க! மக்கின துணி மாதிரி நாறுது!"

மொக்கையன் அப்போதுதான் உள்ளே உற்றுப் பார்த்தான். ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கறை. அதையொட்டிச் சாம்பல் நிறத்தில் பூஞ்சை பூத்திருந்தது.

"இதுல கையை விட்டீங்களா?"

அவன் அழுக்குப் படிந்த தன் கையைப் பார்த்தான். "பசிச்சுது... ஒரு வாய் அள்ளினேன்..." என்று தலையைக் குனிந்துகொண்டான்.

சீனிச்சாமி முன்னால் வந்தான். "அண்ணி, உங்களுக்கு மசக்கை. மூக்கு தப்பாச் சொல்லுது. அதுதான் நல்ல தயிர்!"

"அப்படியா கொழுந்தனாரே? வீட்டு வாசல் வரைக்கும் வந்துட்டுச் சும்மா போகலாமா? இந்தா, அந்த நல்ல தயிர்ல ஒரு வாய் குடிச்சுட்டுப் போ!"

சீனிச்சாமி ஓரடி பின்வாங்கினான். "இன்னிக்கு... எனக்கு விரதம் அண்ணி!"

"நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தியே, அப்ப எங்கே போச்சு விரதம்?"

மொக்கையனுக்கு உறைத்தது. இவன் இரண்டு பானையையும் முன்பே மோந்து பார்த்திருக்கிறான்! எது நல்லது என்று தெரிந்தேதான் அதைக் கேட்டிருக்கிறான்! மொக்கையன் போட்ட உறுமலில் மூங்கில்கள் அதிர்ந்தன. சீனிச்சாமி ஓடிய ஓட்டத்தில் வால் எந்தப் பக்கம் போனது என்றே தெரியவில்லை.

மொக்கையன் தரையில் பொத்தென்று உட்கார்ந்தான். "பாவி நான், அதைப் போய் உனக்குப் பிசைஞ்சு கொடுக்கப் பார்த்தேனே!"

"கொடுக்கலையே! அழாம எழுந்திருங்க."

"பூஞ்சையை மட்டும் வழிச்சுப் போட்டுட்டு..."

"வேண்டவே வேண்டாம்! மேலே தெரியறது கொஞ்சம். உள்ளே எவ்வளவு தூரம் இறங்கியிருக்கோ!"

அந்தப் பானையைத் தூரத்தில் குழி தோண்டிப் புதைத்தான். கையைக் கழுவினான். மறுபடியும் ஒருமுறை கழுவினான். பிறகு புளித்த தயிரைக் கலக்கி, உப்புப் போட்டுச் சோறு பிசைந்து நீட்டினான்.

பூவாயி வழித்து நக்கிச் சாப்பிட்டாள். மொக்கையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். குமட்டல் வரவில்லை. பெரிதாக ஓர் ஏப்பம் வந்தது! அதைக் கேட்டதும் அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இத்தனை நாளா இந்தப் புளிப்புக்குத்தான் நாக்கு அலைஞ்சுது. பூனைகிட்டக் கேட்டதுக்கு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!" என்றாள் பூவாயி. "இன்னும் கொஞ்சம் போடுங்க!"

மலைக்கு அந்தப் பக்கம் இடி இடித்தது. மொக்கையன் சிரித்துக்கொண்டே சோறு பிசைந்தான்.

நீதி: ஒரு பொருள் நல்லதா கெட்டதா என்பதை அதைச் சாப்பிடப் போகிறவரின் மூக்கிடம் கேட்க வேண்டும், அதற்கு நாக்கைத் தொங்கப் போட்டிருப்பவனிடம் கேட்கக் கூடாது.