ராஜா முகம் பார்த்த தேர் அச்சு

மேகம் இறங்கி வாசல்வரை வந்துபோகும் குளிர்மலை நாட்டை, வெகுகாலத்துக்கு முன்பு கொற்றவேலன் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் தன் மீசை மேல் அவருக்கு அப்படியொரு மோகம். அரண்மனையில் எந்த இரும்பைப் பார்த்தாலும் அதில் தன் மீசை தெரியவேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தார்.

அரண்மனை மேற்பார்வை பூதநாதருடையது. ராஜா எள் என்றால் எண்ணெயாக நிற்பவர். தேர்ச் சக்கரம் சுழலும் இரும்பு அச்சைக்கூட ஒரு மாதம் தேய்க்கவைத்துக் கண்ணாடியாக்கிவிட்டார்.

மார்கழி விடியலில் ஊர்வலம் போக ராஜா தேரேறினார். நாலு தெரு தாண்டுவதற்குள் அச்சு அலறி, புகைந்து, இறுகி நின்றது. மிச்ச ஊர்வலத்தை ராஜா நடந்தே முடித்தார்.

அச்சுக்கு விளக்கெண்ணெய் வார்ப்பவள் செக்குக்காரி அங்காயி. அவளை அந்த வேலையில் வைத்தவர் மந்திரி இளநாகனார். மந்திரி மேல் பூதநாதருக்கு வெகுநாள் பொறாமை. அச்சில் எண்ணெய் பரவவே இல்லை, அது கலப்பட எண்ணெய் என்று ராஜாவின் காதில் ஓதினார். சாயங்காலத்துக்குள் அங்காயியின் செக்கைப் பிடுங்கி அவளை நாடுகடத்தத் தீர்ப்பானது.

"நான் ஒண்ணும் கலக்கலீங்க சாமி" என்றாள் அங்காயி. வேறென்ன சொல்வாள், பாவம்.

மந்திரி மறுநாள் பகல்வரை அவகாசம் கேட்டு வாங்கினார். உச்சிவேளையில் சபைக்கு இரண்டு இரும்புத் தகடுகளும் இரண்டு கிண்ணங்களும் வந்தன. ஒரு கிண்ணத்தில் அங்காயியின் எண்ணெய், இன்னொன்றில் வேறொருவர் எண்ணெய் என்றார். எது கலப்படம் என்று பூதநாதரே சொல்லட்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

முதல் தகட்டில் வார்த்த எண்ணெய் குண்டாக உட்கார்ந்துகொண்டது. இரண்டாவதில் வார்த்தது கண்மூடித் திறப்பதற்குள் விளிம்புவரை ஓடியது.

பூதநாதர் முதல் தகட்டைக் காட்டினார். "இதுதான் கலப்படம். இதைக் கொடுத்தவர் யாராயிருந்தாலும் இந்த நாட்டில் இருக்கக்கூடாது."

"அது உங்கள் வீட்டு விளக்குக்கு ஊற்றும் எண்ணெய், பூதநாதரே. உங்கள் மனைவியார் கையால் வாங்கிவந்தேன்" என்றார் மந்திரி.

தவளை தன் வாயால் கெட்டது.

மந்திரி கிண்ணங்களை மாற்றி வார்த்துக் காட்டினார். இப்போது பூதநாதர் வீட்டு எண்ணெய் ஓடியது, அங்காயியுடையது நகரவில்லை.

"எண்ணெய் இரண்டும் சுத்தம், மகாராஜா. முதல் தகடு பளபளப்பாகத் தேய்த்து, சுனைநீரில் போட்டு வைத்திருந்தது. குளிரில் எண்ணெய் தடிக்கும், வழவழப்பில் அதற்குப் பிடிமானமும் இல்லை. மற்றது ஆற்று மணலால் லேசாகக் கீறி, வெயிலில் காயவைத்தது. சூட்டில் இளகிய எண்ணெய் கீறல் வழியே ஓடிவிடும்."

ராஜா மீசையைத் தொட்டார். பிறகு கையை எடுத்துவிட்டார். பளபளப்பு யார் கேட்டது என்று அவருக்குத் தெரியும். மந்திரி அதைச் சொல்லவில்லை என்பதும் தெரியும்.

அங்காயிக்குச் செக்கும், அதோடு ஒரு ஜோடி மாடும் கிடைத்தன. பூதநாதரை என்ன செய்யலாம் என்று ராஜா அவளிடமே கேட்டார்.

"அவரு எங்கயும் போகவேணாம் சாமி. அச்சை மணல்போட்டுக் கீறிக் குடுக்கட்டும். நான் எண்ணெயைச் சுடவச்சு ஊத்துறேன்."

மறுநாள் விடியலில் தேர் சத்தமில்லாமல் ஓடியது. பூதநாதரின் கைகள் கொப்புளித்திருந்தன. ராஜா குனிந்து அச்சைப் பார்த்தார். மீசை தெரியவில்லை. ஏறி உட்கார்ந்துகொண்டார்.