வெளி ஓரத்து எலும்பு

காலை பத்து இருபதுக்கு, இருபத்து நான்கு எலித் தலைகளை எரிக்க அனுமதி கேட்கும் தாளோடு கோமதிநாயகம் தன் ஆய்வு வழிகாட்டியின் அறைக்கு வந்தார். இருபத்தேழு வருடம் கண் மருத்துவராக இருந்துவிட்டு, ஐம்பத்திரண்டு வயதில் முனைவர் பட்ட மாணவர் ஆனவர். வழிகாட்டி பேராசிரியர் ஷகிலா அவரைவிடப் பதின்மூன்று வயது இளையவர்.

“எல்லாமே வீணா, டாக்டர்?”

“எல்லாமே, மேடம்.”

உடலின் எதிர்ப்புச் சக்தி தன் தைராய்டையே தாக்கும் நோய் ஒன்று உண்டு. அதில் சிலருக்குக் கண்ணின் பின்பக்கத் தசை வீங்கி, விழி முன்னால் தள்ளும். அதை எலியில் வரவழைத்தால் மருந்துகளைச் சோதித்துப் பார்க்கலாம். கோமதிநாயகம் பதினாறு எலிகளுக்கு அதற்கான ஊசி போட்டார். ஒப்பிட்டுப் பார்க்க எட்டு எலிகளுக்கு வேறு ஊசி. ஐந்து மாதம் கழிந்தது. தலைகள் இப்போது, அழுகாமல் இருக்க, ஃபார்மலின் பாட்டில்களில் இருந்தன.

“தைராய்டு?”

“பதின்மூணுக்கு வந்துட்டுது. கண்ணு ஒண்ணுக்குக்கூடத் தள்ளலை. புதுசா இருபத்து நாலு எலி கேட்டு, விலங்குச் சோதனைக்கு அனுமதி தர்ற கமிட்டிக்கு எழுதிப் போட்டுட்டேன். இதுலயும் வரலைன்னா படிப்பை விட்டுட்டு, பழையபடி கண்ணாடிக்கு நம்பர் எழுதப் போயிடுவேன்.”

“எங்க அண்ணனுக்கு நீங்கதான் எழுதினீங்க. இன்னும் தலைவலிங்கிறார்.”

கோமதிநாயகம் சிரிக்கவில்லை.

“தசையை வெட்டிப் பார்த்தீங்களா?”

“தள்ளாத கண்ணை எதுக்கு மேடம் வெட்டணும்? வாரா வாரம் அளந்தேன்.”

“எப்படி?”

“நோயாளிக்கு அளக்கிற மாதிரிதான். எதிர்ல உட்கார்ந்து, கண்குழியோட வெளி ஓரத்து எலும்புல அளவுகோலை வச்சு.”

“எலிக்கு எந்த எலும்புல வச்சீங்க?”

அவர் தன் கண்ணோரத்தைத் தொட்டுக் காட்டினார்.

“தோராயமா அந்த இடத்துல.”

ஷகிலா இரண்டு காகிதக் கப்புகளை எடுத்தார். ஒன்றில் பஞ்சு வைத்து, அதன் மேல் தன் சாப்பாட்டுப் பையிலிருந்த எலுமிச்சம்பழத்தை வைத்தார். கப்பின் அடியில் ஓட்டை போட்டு, பேனாவால் மேலும் பஞ்சைத் திணித்தார். பழம் எழும்பி விளிம்புக்கு மேலே வந்தது.

“இது உங்க நோயாளி.”

இரண்டாவது கப்பின் ஒரு பக்கத்தைக் கத்தரியால் வெட்டி எடுத்தார். அதே பழம், அதே பேனா. திணித்த பஞ்சு வெட்டிய பக்கமாகப் பிதுங்கியது. பழம் இருந்த இடத்திலேயே இருந்தது.

“பஞ்சு எவ்வளவு மேடம்?”

“ரெண்டுலயும் ஒரே அளவுதான்.”

கோமதிநாயகம் கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எலி மண்டையோடு இருக்கா?”

ஷகிலா அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கோமதிநாயகம் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கண்குழியின் விளிம்பில் சுண்டுவிரல் நகத்தை ஓட்டினார். உள்பக்கம் எலும்பு இருந்தது. வெளிப்பக்கம் வந்ததும் நகம் வெறும் இடத்தில் இறங்கியது. சுவரே இல்லை.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அஞ்சு மாசம் மேடம். காத்துல அளந்திருக்கேன்.”

“ஒழுங்கா அளந்திருக்கீங்க. ஒரு வாரம்கூட விடலை.”

இப்போது கோமதிநாயகத்துக்குச் சிரிப்பு வந்தது. அது அடங்கியதும் கேட்டார்.

“அப்போ உள்ளே வீக்கம் இருக்குமா?”

“எனக்குத் தெரியாது, டாக்டர். இல்லைன்னு எழுதின உங்களுக்கும் தெரியாது. வெட்டிப் பாருங்க.”

அவர் எழுந்தார். எரிக்க அனுமதி கேட்ட தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பாட்டில்கள் இருந்த அறைக்குப் போனார்.

2022 டிசம்பர் 12 அன்று கூடிய கமிட்டி, அவர் கேட்ட இருபத்து நான்கு எலிகளைத் தர மறுத்தது. ஊசி போட்ட பதினாறில் ஒன்பது எலிகளுக்குக் கண் தசை வீங்கியிருப்பது உறுதியாகிவிட்டதால் புதிய எலிகள் தேவையில்லை என்று காரணம் குறித்திருந்தது.