கொம்பையாவின் நீண்ட பகல்

அந்தக் காலத்தில் சூரியன் மனிதரோடு பேசும். கண்ணுக்குள் குடியிருப்பவர்களும் பேசுவார்கள். ஆமாம், ஒவ்வொரு கண்ணின் பளிங்குக்குள்ளும் அப்போது சின்னஞ்சிறு காவலர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். வெளிச்சம் உள்ளே வரும்போது கூடவே நெருப்புப் பொறிகளும் வரும். அவற்றை ஓடி ஓடி அணைப்பதுதான் அவர்கள் வேலை. பகலெல்லாம் அணைத்துவிட்டு இரவில் களைப்பாறுவார்கள். அதனால் எவ்வளவு வயதானாலும் யாருக்கும் பார்வை மங்கியதில்லை.

கடலோரத்தில் கொம்பையா என்று ஒருவன் உப்பு வாரிப் பிழைத்தான். அவன் மனைவி சிலம்பாயி மற்றப் பெண்களோடு படகேறிப் போய், தீவோரம் முங்கிப் பாசி எடுப்பாள். ஒருநாள் காலையில் போன படகைச் சுழல்காற்று எங்கோ அடித்துக்கொண்டு போய்விட்டது.

கொம்பையா உப்புக் குவியல்மேல் ஏறி நின்றான். மேலே வெயில், கீழே உப்பின் வெள்ளை, எதிரே கடலின் மினுக்கம். எந்த அலையைப் பார்த்தாலும் அது படகாகவே தெரிந்தது. பொழுது சாயத் தொடங்கியதும் அவன் பதறிப்போனான்.

“அடைஞ்சிராதே சாமி! இருட்டிட்டா அவளுக்குக் கரை தெரியாது.”

“நான் நின்றால் உன் கண் தாங்காது, கொம்பையா,” என்றது சூரியன்.

“அவளைப் பார்க்காத கண்ணு எனக்கு எதுக்கு? நில்லு.”

சூரியன் மனமிரங்கி நின்றுவிட்டது. பகல் முடியாமல் நீண்டது.

கண்ணுக்குள் காவலர்கள் கதறினார்கள். “ஐயா, கொஞ்சம் இமையை மூடுங்கள்! பொறி மழையாகக் கொட்டுகிறது. இங்கே ஒருவன் விழுந்தால் அவன் இடத்துக்கு இன்னொருவன் பிறப்பதில்லை.”

“நான் மூடுற நேரத்துல படகு வந்து, கை காட்ட ஆளில்லாம திரும்பிப் போயிட்டா?”

அவன் மூடவில்லை. காவலர்கள் கருகிக் கருகி விழுந்தார்கள். பளிங்கு, வேகும் முட்டையின் வெள்ளையைப்போல மெல்ல உறைந்தது. கடலில் பனி இறங்குகிறது என்றுதான் கொம்பையா நினைத்தான்.

அந்த நீண்ட வெளிச்சத்தில் கரையைக் கண்டுகொண்டு படகு திரும்பியது. சிலம்பாயி ஈரச் சேலையோடு ஓடிவந்து அவன் முன்னால் நின்றாள். அவனோ அவளைத் தாண்டிக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“மச்சான், யாரைப் பார்க்குற? நான் வந்துட்டேன்.”

அவன் கை நீட்டி அவள் முகத்தைத் தொட்டான். “பனி விலகட்டும் புள்ள, பார்க்குறேன்,” என்றான்.

பனி விலகவே இல்லை.

“இனி யார் அழுதாலும் நிற்கமாட்டேன்,” என்று சொல்லிச் சூரியன் கடலுக்குள் இறங்கியது. கொம்பையாவின் கண்ணில் மிஞ்சிய கொஞ்சநஞ்சக் காவலர்கள்தான் அவன் பிள்ளைகளுக்கும், அவர்கள் வழிவந்த நம் எல்லோருக்கும் பங்கானார்கள். சிலம்பாயி அவனைவிட்டு அப்புறம் ஒருநாளும் பிரியவில்லை. பக்கத்திலேயே இருந்தவளுக்காக அவன் ஏங்கிக்கொண்டே இருந்தான். தலை நரைத்த பிறகும், “இப்ப உன் முகம் எப்படி இருக்கு, புள்ள?” என்று கேட்பான். அவள் அவன் உள்ளங்கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொள்வாள்.

அன்று முதல்தான் சூரியன் யாருக்காகவும் நிற்பதில்லை. வயதேறி, உள்ளே இருக்கும் காவலர்கள் ஓய்ந்துபோனால் மனிதரின் கண்ணில் வெள்ளை படர்வதும், பார்வை மங்கியவர்கள் தங்களைத் தேடி வந்தவரின் முகத்தைக் கையால் தடவிப் பார்ப்பதும் அன்று முதல்தான்.