வளர்ற பிள்ளைக்கு ஒரு ஹெல்மெட்

தூத்துக்குடியில் ஒரு சைக்கிள் கடை. ஜெசிந்தா அங்கே வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. கல்யாண மண்டப முதலாளி தங்கப்பாண்டி, பதினான்கு வயது மகளோடு வந்து நின்றார்.

"வளர்ற பிள்ளை. காலேஜ் போற வரைக்கும் போடணும், பெரிய ஹெல்மெட்டா எடு. சட்டம் பேசினா உங்க முதலாளிகிட்ட சொல்லிருவேன், உன் வேலை போயிரும்."

ஜெசிந்தா பெரியதையே மகள் தலையில் மாட்டி, வாரைப் பூட்டினாள். மகள் குனிந்ததும் ஹெல்மெட் சறுக்கி மூக்கில் வந்து உட்கார்ந்தது.

"போகப் போகச் சரியாயிரும்" என்றார் அவர்.

"ஆமா அண்ணாச்சி, நாலு வருஷத்துல கச்சிதமா இருக்கும்." வாரண்டி அட்டையில் ஒரு வரி எழுதி நீட்டினாள். "இதுல கையெழுத்து மட்டும் போட்டுருங்க."

தங்கப்பாண்டி வாய்விட்டு வாசித்தார். "நாலு வருஷத்துக்கு என் மகள் கீழே விழமாட்டாள்."

எடுத்த பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார்.

"அளக்கிற டேப்பை எடும்மா. இன்னைக்கு இருக்கிற தலைக்கே குடு."