செங்கல் மேல் நின்ற வண்டிகள்

டயர் வாங்கித் தராவிட்டால் வேலைநிறுத்தம் என்று நோட்டீஸ் கொடுத்த ஆம்புலன்ஸ் டிரைவர் அமலோற்பவத்துக்கு, அன்று வேலையே போகும் நிலை. விசாரிக்க ஆம்புலன்ஸ் ஷெட்டுக்கு வந்த கலெக்டரம்மா முன்னால் மேலாளர் தண்டபாணி குதித்தார்.

"இது அத்தியாவசியச் சேவை! ஒரு மணி நேரம் வண்டியை நிறுத்தினாலும் சட்டப்படி வேலை போயிடும்!"

மாதாவை நினைத்துக்கொண்டு அவள் கேட்டாள்: "யார் நிறுத்தினாலுமா சார்?"

"யாராயிருந்தாலும்!"

"அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க சார். எங்காளுங்க கிட்டக் காட்டணும்."

பெருமையாகப் போட்டுக் கொடுத்தார். அந்தத் தாளோடு கலெக்டரை ஷெட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனாள். மூன்று ஆம்புலன்ஸ்கள் டயரில்லாமல் செங்கல் மேல் நின்றன. ஒவ்வொரு ஸ்டியரிங்கிலும், இருபது நாளுக்கு முந்தைய தேதியும் கையெழுத்துமாக ஓர் அட்டை தொங்கியது: 'வண்டியை நிறுத்தி வைக்கவும். மேலாளர்.'

"நாங்க இன்னும் ஒரு வண்டியும் நிறுத்தலம்மா. ரெண்டு கையெழுத்தும் ஒண்ணுதானான்னு நீங்களே பாருங்க."

சாயங்காலமே பன்னிரண்டு டயர் வந்து இறங்கியது. மறுநாள் தண்டபாணிதான் வரவில்லை.