முதுகு சொறிஞ்ச கதை

"என் முதுகை நீ சொறி, உன் முதுகை நான் சொறியுறேன்"னு வெள்ளைக்காரன் பேச்சு ஒண்ணு இருக்குல்ல? அது கப்பல்ல பொறந்த பேச்சாம்.

காய்ச்சல்ல படுத்துக் காவலுக்கு வராத சூசையைச் சாட்டையால அடிக்கச் சொல்லி, அவன் கூட்டாளி மீராசாவுக்கே உத்தரவு போட்டான் கப்பல் தொரை. மீராசா பூ மாதிரி அடிச்சான். சூசை கடல் அதிரக் கத்தினான். தொரை கிட்ட வந்து பார்த்தா, முதுகுல ஒரு கீறல்கூட இல்ல.

"ஏண்டா, அடிக்கிறியா, சொறியுறியா?"

"சொறியுறேன் தொரை. போன வாரம் என்னை அடிக்கச் சூசைகிட்ட சொன்னீங்களே, அவனும் இப்படித்தான் சொறிஞ்சான். உங்க முதுகு அரிச்சாத்தான் பாவம், இந்தக் கப்பல்ல சொறிய ஒரு கை கிடையாது."

கப்பலே சிரிச்சுது. தொரை சாட்டையைப் பிடுங்கி, சூசை முதுகைத் தானே கிழிச்சான்.

எண்ணெய் தடவும்போது மீராசா விக்கி விக்கி அழுதான். "என் வாயாலதாண்டா உனக்கு இந்தக் கதி."

"அழாத மாப்ள," சூசை முனகினான். "அடிச்சது நீ இல்லையே, அது போதும்."